பவளத் தொட்டிக்கு எதிரே ஒரு நாற்காலி

"தண்ணிய எப்படி ஓட விடறதுன்னு எனக்கே சொல்லித் தர ஆள் தேடி வந்திருக்கேம்மா," என்றார் தணிகாசலம்.

சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்து நாலு வருஷம் குடிதண்ணீர்க் குழாய் போடும் வேலையில் இன்ஜினியராக இருந்தவர். ஊருக்கே தண்ணீர் விட்ட மனுஷன். வீட்டில் ஒரு நாலடிக் கண்ணாடித் தொட்டியில் ஓட விடத் தெரியாமல், கொளத்தூர் மீன் கடைத் தெருவில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிறார். தலையெழுத்து, வேறென்ன.

கடைக்காரி பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி. முப்பது வயது இருந்தால் அதிகம். கடல் தண்ணீர்த் தொட்டி என்று யார் கேட்டாலும் அந்தத் தெரு அவளைத்தான் கை காட்டும். கூடவே ஒன்று சொல்லி அனுப்பும்: கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல மாட்டாள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவள் ஒரு தொட்டியின் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு சார்?"

"பவளம் சாகுது."

"எத்தனை வச்சீங்க?"

"ஆறு. கடல்ல உடைச்சதில்ல, பண்ணையில வளர்த்த துண்டுதான். அஞ்சு போயிருச்சு."

"எப்படிப் போச்சு?"

"முதல்ல ஒரு பம்ப் வச்சேன். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு நூல் பிடிச்ச மாதிரி ஓட்டம். அழுக்கெல்லாம் ஒரு மூலையில சேர்ந்து மூணு அழுகிப் போச்சு. சரின்னு பெரிய பம்பா வாங்கி, பவளத்துக்கு நேரா திருப்பினேன். இன்னும் ரெண்டோட சதை ஈரக் காகிதமாட்டம் பிஞ்சு போச்சு. வெள்ளை எலும்புதான் நின்னுது. இப்ப மூணாவதா இன்னொரு பம்பும் சேர்த்திருக்கேன். தினம் பத்துத் தடவை திருப்பித் திருப்பி வைக்கறேன்."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"தண்ணி எந்தப் பக்கம் ஓடணும்? அதை மட்டும் சொல்லும்மா. வேற ஒண்ணும் வேணாம்."

ஜெசிந்தா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அந்தத் தொட்டிய நாள் பூரா யாரு பாக்காங்க?"

"நான்தான். காலையில உப்புத் தண்ணி கலக்கறேன், கண்ணாடி தொடைக்கறேன்..."

"நீங்க செய்யுத வேலையக் கேக்கல சார். சும்மா பாத்துக்கிட்டு இருக்கது யாரு?"

தணிகாசலம் தயங்கினார்.

"என் சம்சாரம். மோகனா. பக்கவாதம். ரெண்டு வருஷமா படுத்த படுக்கை."

தொட்டி வந்ததே அவளுக்காகத்தான். விழுந்த நாளிலிருந்து மோகனா சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். கட்டிலுக்கு எதிரே தொட்டியை வைத்து, அதில் பவளம் விரல் விரலாக அசைந்த அன்றுதான் இந்தப் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு அவர் சமையலறையில் போய் நின்று வாய்விட்டு அழுதார்.

இப்போது ஒவ்வொரு பவளமாக வெளுக்க வெளுக்க, அவள் தலையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. மிச்சம் இருக்கிற ஒன்றும் போய்விட்டால், அப்புறம் அவளைத் திருப்ப அவரிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பயத்தில் சோறு இறங்குவதில்லை.

"அவங்கள்ட்ட கேக்காம எங்கிட்ட ஏன் சார் வந்தீங்க?"

"அவளால பேச முடியாதும்மா."

"முடியாதா, நேரமாகுமா?"

சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

"நேரமாகும்," என்றார்.

ஜெசிந்தா கையைத் துடைத்தாள். "வாங்க, போவோம்."

வில்லிவாக்கத்தில் இரண்டாவது மாடி வீடு. ஜெசிந்தா உள்ளே வந்தாள். பம்பைப் பார்க்கவில்லை, தொட்டியையும் பார்க்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இங்க ஒரு நாற்காலி இல்லையா?"

"உக்கார ஏதும்மா நேரம்?"

சமையலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அவளே தூக்கி வந்தாள். மோகனாவின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள். மோகனா எங்கிருந்து பார்ப்பாளோ அங்கிருந்து தொட்டியைப் பார்த்தாள்.

"அம்மா, இதுல தண்ணி எங்க சரியில்ல?"

மோகனாவின் வாய் கோணிக்கொண்டு திறந்தது. இடது கையில் ஒரு விரல் எழுந்தது.

"தண்ணி வேணுமா மோகனா?" தணிகாசலம் டம்ளரோடு ஓடி வந்தார். "ஃபேன் கூட்டி வைக்கட்டுமா? திருப்பிப் படுக்க வைக்கணுமா?"

ஜெசிந்தா திரும்பாமலே உள்ளங்கையை அவர் பக்கம் காட்டினாள்.

"சார். அவங்க இன்னும் முடிக்கல."

அவர் டம்ளரோடு நின்றார். எழுந்த விரல் அப்படியே நின்றது. வெளியே குழாய் ஒன்று சொட்டியது. போய் மூட வேண்டும் என்று கால் பரபரத்தது. மூன்று நிமிஷம் இருக்கும். அவருக்கு மூன்று மணி நேரமாகத் தெரிந்தது.

"கறுப்பு மீன்..." என்றாள் மோகனா. "கல்லுக்குப் பின்னால... போகவே... போகாது."

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். கல்லுக்குப் பின்னால் அழுக்கு படிந்து கிடந்தது. ஒரு துணுக்குகூட அசையவில்லை; அங்கே ஓட்டமே இல்லை. இத்தனை நாள் தணிகாசலம் முன்னால் நின்றுதான் பார்த்திருக்கிறார்.

"வேற என்னம்மா?"

இந்தத் தடவை இன்னும் நேரமானது. விரல் மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பியது.

"இவர்... உள்ள கை விட்டா... பவளம்... மூடிக்குது. திறக்க... ஒரு நாள்... ஆகுது. அதுக்குள்ள... மறுபடி... கை."

தணிகாசலத்துக்கு முகத்தில் அறைந்தது போல ஆகிவிட்டது.

"உனக்காகத்தானே மோகனா இத்தனையும் பண்றேன்!"

மோகனா கண்ணை மூடிக்கொண்டாள். ஜெசிந்தா நாற்காலியை விட்டு எழுந்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டாள்.

பெரிய பம்பை வெளியே எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மற்ற இரண்டையும் கோடிக்கு ஒன்றாக ஒட்டினாள். ஒன்றை முன் கண்ணாடிப் பக்கம் சாய்த்தாள், மற்றதைத் தண்ணீர் மட்டத்துப் பக்கம். பவளத்தை எதுவும் நேராகப் பார்க்கவில்லை.

இன்ஜினியருக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டையும் எதிரெதிரா வைக்கறியே! நடுவுல தண்ணி முட்டிக்கும்."

"முட்டட்டும்."

"உருப்படியா ஒரு பக்கமும் போகாது."

"போக வேண்டாம்."

"குழாயில இப்படி விட்டிருந்தா என்னை வேலையை விட்டே தூக்கியிருப்பாங்க."

"குழாய்க்குத் தண்ணி போய்ச் சேரணும் சார். பவளம் எங்கயும் போகாது. இருந்த இடத்துலயே இருந்துதான் எல்லாத்தையும் வாங்கணும். வரணும், போகணும், நடுவுல கொஞ்சம் ஓயணும். மூஞ்சிக்கு நேரா அடிச்சா எப்படி வாங்கும்?"

அப்பப்போ ஒரு பம்ப் ஓய்கிற மாதிரி ஒரு டைமரை மாட்டினாள்.

"இருபது நாள் கை வைக்கக் கூடாது. தண்ணிய வாரம் ஒரு தடவை நான் வந்து மாத்துறேன்."

"அப்ப நான் என்ன பண்றது?"

ஜெசிந்தா நாற்காலியைக் காட்டினாள்.

"எவ்வளவு நேரம்?"

அவள் அதற்குள் படி இறங்கிப் போயிருந்தாள். நல்ல குருதான் போ!

முதல் நாள் பத்து நிமிஷம்கூட அவரால் உட்கார முடியவில்லை. கை தானாகத் தொட்டிப் பக்கம் நீண்டது. எழுந்து போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினார்.

மூன்றாம் நாள் கல்லுக்குப் பின்னாலிருந்த அழுக்கு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி வடிகட்டிப் பக்கம் போனது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு மீன் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது.

ஆறாம் நாள் பவளம் சுருங்கியே இருந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தார். கை விட்டுத் தொட்டுப் பார்க்கலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. அலுப்பில் எழுந்திருக்க முடியவில்லை. நல்ல வேளை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் பவளத்தில் ஒரு விரல் வெளியே வந்தது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் எல்லா விரல்களும் நீண்டு, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று மனம்போனபடி அசைந்தன.

"மோகனா! பாரு, பாரு!"

அவள் அவருக்கு முன்பே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுகை வந்தது அவருக்கு. அடக்கிக்கொள்ளவில்லை. கறுப்பு மீன் கல்லைச் சுற்றிப் பின்னால் போய், அந்தப் பக்கமாக வெளியே வந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

அப்போது மோகனாவின் வாய் திறந்தது. விரல் எழுந்தது.

தணிகாசலத்தின் கால் தரையில் ஊன்றிவிட்டது. தண்ணீரா, ஃபேனா, திரும்பிப் படுக்க வேண்டுமா? மூன்றும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு பம்ப் ஓய்ந்தது. மறுபடி ஓடியது. மறுபடி ஓய்ந்தது.

"நீங்க..." என்றாள் மோகனா.

அவர் காத்திருந்தார்.

"நீங்க... நல்லாத் தூங்கி... எத்தனை நாளாச்சு?"