பூட்டிய வீட்டின் பக்கத்து வீடு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேங்கைநகர் என்ற பட்டணத்தைச் சந்திரபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். ஒருநாள் மனுக்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், இனிமேல் தான் இதுவரை கேட்டிராத மனுவோடு வருபவர்களே சபைக்குள் நுழையலாம், பழைய மனுவைக் கொண்டுவந்தால் ஒரு வருஷம் நந்தவனத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும் என்று தண்டோரா போடச் சொல்லிவிட்டார்.

இதில் மாட்டிக்கொண்டது சாயக்காரர் தெரு. ஆறு வற்றிய வருஷம் அந்தத் தெருக்காரர்கள் வீடுகளை ஈடு வைத்து அரண்மனைக் கஜானாவில் கடன் வாங்கியிருந்தார்கள். துணி தோய்க்கத் தண்ணீர் இல்லாதபோது கடனை எங்கிருந்து கட்டுவது? கஜானா அதிகாரி தனகோடி தவணை எதுவும் தரவில்லை. சேவகர்களோடு வந்து வீடுகளை ஜப்தி செய்து, கதவைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டார். ஜனங்கள் ஏரிக்கரையில் குடிசை போட்டுக்கொண்டு கிடந்தார்கள். முதலில் வீட்டைத் திறக்கச் சொல்லிப் போனவர்களை ராஜா தனகோடியிடமே அனுப்பினார். அடுத்துப் போனவர்கள் நந்தவனத்தில் தண்ணீர் இறைத்தார்கள்.

அதே தெருவில் ஆப்பக்கடை வைத்திருந்த வள்ளிக்கண்ணுவுக்கு ஒரு காசு கடன் கிடையாது. அவள் வீட்டை யாரும் பூட்டவில்லை. ஆனாலும் அவள் பிழைப்பு நாளுக்கு நாள் தேய்ந்தது. ஆப்பம் தின்ன ஆளில்லை. தெருக்கிணற்றில் இறைப்பவர்கள் குறைந்துபோய்த் தண்ணீர் பச்சையாகி நாற்றமெடுத்தது. பக்கத்தில் பூட்டிக் கிடந்த சின்னம்மு வீட்டில் ஓடு சரிந்து, பொதுச்சுவர் வழியாக ஈரம் இவள் அடுப்பங்கரைக்கே வந்துவிட்டது. அந்த வீட்டுக்குள் பதுங்கியிருந்த எவனோ இவளுடைய பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனான். கத்தினாள். கேட்டு ஓடிவர அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை.

மறுநாள் காலையில் வள்ளிக்கண்ணு சபைக்குப் போய் நின்றாள்.

"மகாராஜா, என் வீட்டையும் பூட்டி முத்திரை வைத்துவிடுங்கள்" என்றாள்.

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படி ஒரு மனுவை அவர் கேட்டதே இல்லை. காரணம் கேட்டார். அவள் கிணற்றையும் சுவரையும் அண்டாவையும் சொல்லி, தெருவே செத்துக்கிடக்கும்போது தன் வீடு மட்டும் உயிரோடு இருந்து என்ன பயன் என்று முடித்தாள்.

தனகோடிக்குச் சிரிப்பு வந்தது. "பூட்டிய வீட்டுக்குக் கையா, காலா, அரசே? அது பாட்டுக்கு நிற்கிறது. கடன் வாங்காதவளுக்கு அதனால் என்ன கெடுதல்?"

"ஐயா வீட்டை ஒட்டித்தான் அரண்மனை விருந்தினர் மாளிகை இருக்கிறது" என்றாள் வள்ளிக்கண்ணு. "காவல்காரரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டு, அதைப் பூட்டி முத்திரை வையுங்கள். தை பிறக்கும்வரை ஐயா குறை சொல்லாமல் இருந்துவிட்டால், நான் பேசாமல் என் சாவியைக் கொடுத்துவிடுகிறேன்."

தனகோடி அங்கேயே ஒப்புக்கொண்டார். விருந்தாளிகளின் சத்தம் இல்லாமல் நிம்மதியாகத் தூங்கலாம் என்று வேறு சொன்னார். ராஜா அன்றைக்கே மாளிகையைப் பூட்டி முத்திரை வைக்கச் சொன்னார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மாளிகைக் கூரையில் சருகு அடைத்தது, தள்ளிவிட ஆளில்லை. தேங்கிய நீர் சுவரில் ஊறி, தனகோடியின் படுக்கையறையில் காரை பெயர்ந்து விழுந்தது. பெருச்சாளிகள் கொல்லைவரை வளை தோண்டின. கொசுக்கடியில் அவர் மனைவி காய்ச்சலோடு படுத்தாள். திருடன் மாளிகைப் பக்கமாக ஏறிக் குதித்து வெள்ளிச் சாமான்களை வாரிக்கொண்டு போனான். தயிர்க்காரி அந்தப் பக்கம் வர மாட்டேன் என்றுவிட்டாள். அத்தனைக்கும் தனகோடி சபையில் வாயைத் திறக்கவில்லை. வீறாப்பு அப்படி.

இதெல்லாம் வள்ளிக்கண்ணு காதுக்கும் வந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. காய்ச்சலில் கிடக்கும் அந்த அம்மாள் என்ன பாவம் செய்தாள் என்று நினைத்தாள். ஒருபக்கம் பயம், இந்த மனுஷன் இப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு தை வரை இருந்துவிட்டால் தானும் ஏரிக்கரைக்குத்தான் போக வேண்டும்.

கார்த்திகைக் கடைசியில் தனகோடியின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், புதர் மண்டிய மாளிகையைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அவர் மனைவி மூட்டை கட்டிவிட்டாள். மாளிகையைத் திறந்தால் இருப்பேன், இல்லாவிட்டால் பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்றாள்.

தனகோடி சபைக்கு வந்து கைகட்டி நின்றார். "பக்கத்து வீட்டைத் திறந்துவிட உத்தரவிட வேண்டும், அரசே."

"இந்த மனுவை நான் முன்பே கேட்டிருக்கிறேனே" என்றார் ராஜா. "பூட்டிய வீட்டுக்குக் கையா காலா என்று கேட்டவர் நீர்தானே?"

தனகோடி தலை குனிந்தார். "இரண்டும் இருக்கிறது, அரசே. என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது."

சபையில் சிரிப்பு எழுந்தது. ராஜா சிரிக்கவில்லை. "சாயக்காரர்கள் சொன்னபோது என் காதில் ஏறவில்லை. உம் வாயால் கேட்டபிறகுதான் ஏறுகிறது. அந்தத் தப்பு என்னுடையது" என்றார்.

எல்லா முத்திரைகளையும் உடைக்கச் சொன்னார். குடியிருந்துகொண்டே, தொழில் நடக்க நடக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடனைக் கட்டினால் போதும். தண்ணீர் இறைத்தவர்களை அனுப்பிவிட்டு அந்த வேலையைத் தனகோடிக்குக் கொடுத்தார். வள்ளிக்கண்ணுவுக்குத் தங்க வளையல் கொடுத்தார். அவள் மறுக்கவில்லை, உழைத்துச் சம்பாதித்ததுதானே. இன்னும் ஒன்று மட்டும் கேட்டாள். சொந்தக்காரர் திரும்பி வராத வீட்டையும் பூட்டி வைக்கக் கூடாது, வீடில்லாதவர்களைக் குடிவைக்க வேண்டும் என்றாள். அதற்கும் சம்மதம் கிடைத்தது.

ஏரிக்கரை ஜனங்கள் திரும்பினார்கள். சின்னம்மு மட்டும் வரவில்லை. பிள்ளைகளோடு துறைமுகப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. வள்ளிக்கண்ணு தன் வாசலைக் கூட்டும்போது அந்த வாசலையும் கூட்டிக்கொண்டிருந்தாள்.

பொங்கல் கழிந்து ஒருநாள் விடியற்காலை, அவள் ஆப்பச்சட்டியை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப்பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இடுப்பில் குழந்தையோடு, முன்பின் பார்த்திராத ஒரு பெண் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, நேற்று ராத்திரிதான் குடிவந்தோம். அடுப்புக்குக் கொஞ்சம் நெருப்பு தருவீர்களா?"

வள்ளிக்கண்ணு அடுப்பில் இருந்ததிலேயே பெரிய கொள்ளியை எடுத்துக் கொடுத்தாள். சாயக்காரர் தெருவில் மறுபடி குடித்தனம் நடந்த கதை இதுதான்.