எல்லாத்துக்கும் டிக்

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடை. பழைய டிவி கேம் மட்டும்தான் ரிப்பேர் பார்ப்பார்கள். குரு ஜெனிட்டாவுக்கு வயசு முப்பத்தொன்று. சிஷ்யர் அருணகிரிக்கு அறுபத்திரண்டு.

அருணகிரி சார் முப்பத்துமூணு வருஷம் பிசிக்ஸ் வாத்தியாராக இருந்தவர். ஜெனிட்டாவைக் காலாண்டிலும் அரையாண்டிலும் பெயிலாக்கிய புண்ணியவான். போன வருஷம் ஒருநாள் கடை வாசலில் வந்து நின்றார். "வீட்ல சும்மா கெடந்தா மண்ட காயுது. இந்தத் தொழிலச் சொல்லித் தாயேம்மா" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் மனுஷர் குடையை மூலையில் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருங்க என்று சொல்ல முடியுமா?

அவர் சேர்ந்த அன்று தன் பழைய டிவி ஒன்றை அவர் மேஜைக்குக் கொடுத்தாள். மெஷினையும் டிவியையும் இணைக்கிற ஒயர் ஒன்றையும் கொடுத்தாள். "நான் தொழில் ஆரம்பிச்ச நாள்ல இருந்து வச்சிருக்கது சார்" என்றாள். அவ்வளவுதான். சார் அதற்கென்று சுவரில் ஒரு ஆணி அடித்தார். தினமும் காலையில் ஒயரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார். ஜெனிட்டாவுக்குக் கூச்சமாக இருக்கும். வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவள் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவார். சிவப்பு மையில் தலைப்பு, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு. வாத்தியார் புத்தி எங்கே போகும்?

அந்த வாரம்தான் முதல்முறையாக ஒரு மெஷினை முழுசாக அவர் பொறுப்பில் விட்டாள். பஸ் கண்டக்டர் இசக்கிப்பாண்டி கொண்டுவந்தது. ஸ்விட்சைப் போட்டால் சிவப்பு லைட் எரியும். டிவியில் படம் மட்டும் வராது.

"சனிக்கிழமைக்குள்ள வேணும் சார்" என்றான். "எங்கக்கா மஸ்கட்டுக்குத் திரும்புதா. அஞ்சு மணிக்கு திருவனந்தபுரத்துக்குக் கார். போனா இனி நாலு வருஷம் ஆவும்."

"அக்காவும் வெளையாடுவாளோ?"

"சின்னப்பிள்ளையில எங்க சார் வெளையாட விட்டேன்?" தலையைச் சொறிந்தான். "ரெண்டு கன்ட்ரோலர் உண்டு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் கூட்டாளிக்கு. அவ பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா. ஒரே ஒரு தடவ கேட்டா. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குன்னுட்டேன். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. ஒரு ஆட்டமாவது அவ ஆடணும் சார்."

அருணகிரி சாருக்குச் சுருக்கென்றது. "விடு, நான் பாத்துத் தாரேன்" என்றார்.

மூணு நாள் பார்த்தார். அடாப்டரில் கரண்ட் அளந்தார், சரியாக இருந்தது. கேம் கேசட்டை ஊதவில்லை. ஊரே ஊதித்தான் போடும், ஆனால் எச்சில் பட்டால் துரு ஏறும் என்று ஜெனிட்டா முதல் நாளே சொல்லியிருந்தாள். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். கேசட் சொருகும் இடத்தைத் துடைத்தார். ஒயர் சொருகும் சாக்கெட்டில் பழைய ஈயத்தை உருக்கி எடுத்துப் புதுசு வைத்தார். டிவியில் ஒவ்வொரு சேனலாகத் திருப்பினார். எறும்பு ஊர்கிற மாதிரி புள்ளிதான் வந்தது. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி டிக் போட்டார்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு இசக்கிப்பாண்டி பையோடு வந்தான். ஜெனிட்டா தன் மேஜையில் வேறொரு மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "நீங்க பாத்த மெஷின் சார். நீங்களே சொல்லுங்க" என்றாள்.

சார் நோட்டை மூடினார்.

"தம்பி, போர்டு போயிட்டு. இனி ஒண்ணும் செய்ய முடியாது."

இசக்கிப்பாண்டி வாதாடவில்லை. "சரி சார். நமக்குக் குடுத்துவச்சது அவ்வளவுதான்" என்று பையை விரித்தான்.

அதுதான் சாரால் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. மெஷினைப் பையில் வைக்கக் கை வரவே இல்லை. திரும்பினார்.

"ஜெனிட்டா, ஒரு மெஷின் செத்துட்டுன்னு எத வச்சு முடிவு கட்டுறது?"

அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். "எதெல்லாம் பாத்திய? வாசிங்க."

நோட்டைப் பிரித்தார். "அடாப்டர்."

"ம்."

"கேசட். சொருகுற எடம். சாக்கெட். டிவி சேனல். எல்லாத்துக்கும் டிக்."

அவள் எழுந்து வந்தாள். மெஷினைத் தொடவில்லை. மெஷினிலும் டிவியிலும் சொருகியிருந்த அந்த ஒயரை இரண்டு பக்கமும் உருவினாள். மீட்டரின் ஒரு முனையை ஒயரின் இந்தத் தலையில் வைத்தாள், மறு முனையை அந்தத் தலையில். ஒயர் நன்றாக இருந்தால் மீட்டர் பீப் என்று கத்தும்.

கத்தவில்லை. வளைத்துப் பார்த்தாள், நீட்டிப் பிடித்தாள். ம்ஹூம். உள்ளே எங்கோ அறுந்து கிடந்தது.

டப்பாவிலிருந்து வேறொரு ஒயரை எடுத்துச் சொருகினாள். ஸ்விட்சைப் போட்டாள். புள்ளியெல்லாம் ஓடிப்போய், பளிச்சென்று நீல வானமும் பச்சைப் புல்லும் வந்தன. நடுவில் ஒரு குட்டி ஆள், யாராவது கூப்பிடட்டும் என்று நின்றான்.

"அட, அட, அட!" என்றான் இசக்கிப்பாண்டி. உடனே போனை எடுத்தான். "எக்கா, பெட்டி கட்டுனது போதும். ஆட்டோ புடிச்சு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால வா. கேக்காத, வா."

அக்கா செல்லத்தாய் அரை மணியில் வந்துவிட்டாள். என்னமோ ஏதோ என்று பதறிக்கொண்டு வந்தவளை ஸ்டூலில் உட்காரவைத்து, முதல் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தான் தம்பி. அவள் அதையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். பட்டனை அமுக்கினாள். குட்டி ஆள் நேரே போய்ப் பள்ளத்தில் விழுந்தான்.

"ஏம்ல சாவுதான்?"

"தாண்டணும்க்கா. தாண்டு!"

மறுபடி விழுந்தான். மறுபடியும் விழுந்தான். நாலாவது தடவை தாண்டினான். செல்லத்தாய் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடை தையல்காரர் ஊசியோடு எட்டிப்பார்த்தார். அவள் கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். இசக்கிப்பாண்டி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே இருந்தான்.

அருணகிரி சாருக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆனால் ஒரு உறுத்தல். ஜெனிட்டாவின் மேஜைக்குப் போனார்.

"மூணு நாளா எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். உசுரோட இருக்க மெஷின செத்துட்டுன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அந்த ஒயர மட்டும் எப்படி விட்டேன்?"

"ஏன் விட்டிய?"

சார் சுவரில் இருந்த வெற்று ஆணியைப் பார்த்தார்.

"அது ஒன் ஒயருல்லாம்மா."

ஜெனிட்டா சிரிக்கவில்லை. சார் சிவப்புப் பேனாவைத் திறந்தார். "சரி, ஒயரையும் சந்தேகப் பட்டியல்ல சேத்துக்கிடுதேன்."

"ஒயருன்னு எழுதாதீங்க சார்."

"பின்ன என்னன்னு எழுத?"

"ஜெனிட்டான்னு எழுதுங்க."