மஞ்சள் மூட்டையும் ராமாயாளும்

பூபதி மாஸ்டரிடம் சீடராக வந்து சேர்ந்த சென்னியப்பனுக்கு மாஸ்டரைவிட இருபது வயது கூடுதல். சேர்ந்த அன்று ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டிவிட்டு, "கை பலமாகோணும் மாஸ்டர். சீக்கிரம் ஆகோணும்" என்றார்.

"எதுக்குங்க ஐயா?"

"தூக்கறதுக்குங்க."

"எதை?"

சென்னியப்பன் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். மாஸ்டர் மறுபடி கேட்கவில்லை.

ஈரோட்டில், ரயில்வே காலனிக்குப் பின்னால் இருந்த அந்தப் பயிற்சிக் கூடத்தில் இரும்பு என்று பார்த்தால் ஜன்னல் கம்பி மட்டும்தான். எடை தூக்கும் சாமான் எதுவும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. ஒரு சுவர், கதவு கழற்றிய ஒரு வாசல்நிலை, தூணில் கட்டிய வடக்கயிறு. சுவரைத் தள்ள வேண்டும். கயிற்றை இழுக்க வேண்டும். முதுகைச் சுவரில் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும். எதுவும் அசையாது. அசையாததோடு மல்லுக்கட்டினாலே தசை இறுகும் என்பது மாஸ்டரின் கணக்கு. புஜத்தைக் கண்ணாடியில் பார்க்க ஆசைப்படும் இளவட்டங்கள் இரண்டாம் நாளே ஆளைக் காணோம் என்று போய்விடுவார்கள். முட்டி வலிக்காரர்களும் மாவுக்கட்டு பிரித்தவர்களும்தான் மிஞ்சுவார்கள்.

சென்னியப்பன் சுவரில் உள்ளங்கைகளை வைத்துத் தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"மூச்சை விடுங்க ஐயா."

"உட்டா பலம் போயிருமுங்களே."

"போகாது. அடக்கினாத்தான் ரத்தக்கொதிப்பு ஏறும். பேசிக்கிட்டே தள்ளுங்க. பேச்சு வந்தா மூச்சும் வருதுன்னு நான் தெரிஞ்சுக்கலாம்."

"என்னத்தப் பேசறதுங்க?"

"எதையாவது."

சென்னியப்பன் பேசுவதற்கு விஷயம் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. வீட்டில் தனியாக இருக்கிறவருக்குப் பால்காரரிடம் 'அரை லிட்டர்' என்று சொல்வதற்கு மேல் பேச்சுத் தேவைப்படுவதில்லை.

கடைசியில் தெரிந்ததைச் சொன்னார். மஞ்சள் மண்டியில் ஆயுசு பூராவும் மூட்டை தூக்கிய கதை. "குனிஞ்சமா, புடிச்சமா, ஒரே தம்ல முதுகுக்கு வந்தறோணும். யோசிச்சா தூக்க முடியாதுங்க மாஸ்டர். யோசிக்கறதுக்குள்ள தூக்கிரோணும்."

அதற்கப்புறம் தினமும் சுவரைத் தள்ளிக்கொண்டே பேசினார். மூட்டைகளைப் பற்றிப் பேசி முடித்த ஒரு நாள், பேச்சில் ராமாயாள் வந்தாள்.

ராமாயாள் அவர் மனைவி. பிள்ளை இல்லை. அவளுக்கு இவர், இவருக்கு அவள். போன தை மாதம் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் இவர்தான் தூக்கினார். ஒரு நாள் பாதியில் கை விட்டுவிட்டது. தரையில் விழுந்ததில் ராமாயாளுக்கு இடுப்பில் பலமான அடி. கோபிசெட்டிபாளையத்திலிருந்து அவள் தங்கை வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"கை பலமானதும் போய்க் கூட்டியாந்துருவேன்" என்றார் சென்னியப்பன். குரல் இறங்கிவிட்டது. "அவ இல்லாம அந்த ஊட்ல இருக்க முடியலீங்க மாஸ்டர்."

"நிறுத்தாம தள்ளுங்க" என்றார் மாஸ்டர்.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். வாசல்நிலைக்கு நடுவில் நின்று, இரண்டு புறங்கைகளாலும் இரண்டு பக்கச் சட்டங்களையும் வெளியே தள்ள வேண்டும். நிலை உடைந்துவிடும் என்று பயப்படுகிற அளவுக்குத் தள்ள வேண்டும்.

அன்று சாயங்காலம் சென்னியப்பன் படுக்கையறை நிலையில் நின்று தள்ளினார். கை மரத்துப்போகும்வரை தள்ளிவிட்டு ஓரடி முன்னால் வந்தார். தொங்கவிட்ட கைகள் தாமாக எழும்பின. அவர் தூக்கவில்லை. யாரையோ அணைத்துக்கொள்ளப் போகிற மாதிரி இரண்டு கைகளும் விரிந்து நின்றன. எதிரில் கட்டில் இருந்தது. அதில் மெத்தை சுருட்டிக் கிடந்தது. கைகள் இறங்கும்வரை அப்படியே நின்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து அழுதார். ஆளில்லாத வீட்டில் அழுவதில் ஒரு சௌகரியம், சத்தமாகவே அழலாம்.

மறுநாள் கேட்டார். "கை எதுக்குங்க மாஸ்டர் தானா எந்திரிக்குது?"

"இவ்வளவு நேரம் தள்ளிப் பழகிருச்சு. நிலை அங்க இல்லைன்னு அதுக்குத் தெரியறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்."

கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்க வாயெடுத்தார். கேட்காமல் போய்ச் சுவரைத் தள்ள ஆரம்பித்தார்.

ஆடி போய் ஆவணி வந்தது. சென்னியப்பனின் கை இறுகியிருந்தது. வடக்கயிற்றை அவர் இழுத்தால் தூண்தான் பாவம் என்று முட்டி வலிக்காரர்கள் கேலி செய்தார்கள். ஒரு நல்ல நாள் பார்த்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோபிக்குப் பஸ் ஏறினார்.

ராமாயாள் தங்கை வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும் இவருக்குத் தலைகால் புரியவில்லை.

"வா புள்ள, நம்மூட்டுக்குப் போலாம். இப்ப என் கையப் பாரு" என்று சட்டைக் கையை மடக்கிவிட்டுக் குனிந்தார்.

அவர் கை மேலே படுவதற்கு முன்பே ராமாயாளின் இடது கை கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டது. "வே... வேண்டா" என்றாள்.

"பயப்படறா மாமா" என்றாள் தங்கை. "இங்கயே இருக்கட்டும். நீங்க எப்ப வேணாலும் வந்து பாத்துட்டுப் போங்க."

சாப்பிடச் சொன்னார்கள். பசியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் தள்ளி உட்காரச் சொன்ன பிறகுதான் அது அவருக்கே தெரிந்தது.

அடுத்த நாள் கூடத்துக்கு முதல் ஆளாக வந்தார்.

"இன்னும் பலம் பத்தலீங்க மாஸ்டர். வேற பயிற்சி சொல்லுங்க."

நடந்ததை மாஸ்டர் முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்து, வலது கையையும் வலது காலையும் தொய்ய விட்டார்.

"நான்தான் ராமாயாள். தூக்குங்க."

குனிந்தார், பிடித்தார், ஒரே தம். மாஸ்டர் அந்தரத்தில் இருந்தார். மாஸ்டரும் லேசுப்பட்ட ஆள் இல்லை, நல்ல கனம்.

"பாத்தீங்களா!" என்றார் சென்னியப்பன்.

"என் மூஞ்சியைப் பாருங்க ஐயா."

மாஸ்டரின் பற்கள் கிட்டித்திருந்தன. உடம்பு கட்டையாக விறைத்திருந்தது.

"நடிக்கலை. நிஜமாவே விழுந்துருவேன்னு பயந்துட்டேன். இறக்குங்க."

இறக்கினார்.

"இப்ப குனிங்க. கையை முதுகுக்குக் கொடுங்க. தூக்காதீங்க."

"அப்புறமுங்க?"

"அவ்வளவுதான்."

சென்னியப்பன் முட்டியை மடக்கி, கைகளைக் கொடுத்து, குனிந்தபடி நின்றார். தொடை நடுங்க ஆரம்பித்தது. வியர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது. மாஸ்டர் இவரைப் பார்க்கவே இல்லை.

"தூக்கட்டுங்களா?"

"வேண்டாம்."

"பின்ன நான் என்னதான் பண்றதுங்க?"

"மூச்சை அடக்கியிருக்கீங்க. ராமாயாள்கிட்ட ஏதாவது பேசுங்க."

தொடையின் நடுக்கம் தோளுக்கு ஏறியது.

"ராமாயா" என்றார் கடைசியில். "அன்னைக்கு உழுந்தப்ப, என் கை போச்சே, என் கை போச்சேன்னுதான் கத்துனேன். உன்னைய ஒரு வார்த்தை கேக்கல. ரொம்ப வலிச்சுதா புள்ள?"

மாஸ்டரின் இடது கை மெதுவாக எழுந்து அவர் பிடரியைச் சுற்றிக்கொண்டது. தலை அவர் தோளில் சாய்ந்தது. சென்னியப்பன் எப்போது நிமிர்ந்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. மாஸ்டர் அவர் கைகளில் இருந்தார்.

பத்திரமாக இறக்கிவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அதே ஆளுதானுங்களே மாஸ்டர். பாதிக் கனம்கூட இல்லீங்களே?"

"இந்தத் தடவை நானும் எந்திரிச்சேன் ஐயா."

சென்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்தார். வெளியே ஒரு கூட்ஸ் வண்டி தடதடத்துப் போனது. அவருக்குக் கோபியும், கட்டில் சட்டத்தைப் பிடித்த அந்தக் கையும் கண்ணுக்குள்ளேயே நின்றன.

"நாளைக்குப் போறனுங்க" என்றார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். பயந்து பயந்து கேட்டார்.

"மாஸ்டர், நான் குனிஞ்சே நின்னும் அவ கை வரலீன்னா?"

"நிமிருங்க. கொஞ்சம் தண்ணி குடிங்க. மறுபடி குனிங்க."