பவழியின் வாசம்

ஒரு கடலில், பெரிய பாறை ஒன்றின் அடியில், கடல் சாமந்திகள் கூட்டமாக வாழ்ந்தன. பெயரைக் கேட்டுப் பூ என்று பறிக்கப் போய்விடாதீர்கள்! அவை பிராணிகள். தொட்டால் சுருக்கென்று கொட்டும்.

அவற்றுக்குக் கண் கிடையாது. வாசம்தான் எல்லாம். ஒருத்தியை யாராவது கடித்தால் அவள் உடம்பிலிருந்து ஒரு வாசம் தண்ணீரில் கலக்கும். அது பட்டதும் மற்றவர்கள் கைகளை உள்ளே இழுத்து இறுக மூடிக்கொள்வார்கள். ஏன், எதற்கு என்று கேட்கிற வழக்கமே இல்லை.

அந்தக் கூட்டத்தில் நீலி என்றொரு பாசக்காரி இருந்தாள். ஒரு இறால் துண்டுக்காக அக்கா பவழியோடு சண்டை போட்டுவிட்டாள். பவழி கோபித்துக்கொண்டு, மெல்ல மெல்ல நகர்ந்து, பாறையின் அந்தப் பக்கம் போய்விட்டாள். அன்றிலிருந்து நீலிக்கு அக்கா நினைப்புதான்.

ஒரு நாள் அந்தப் பக்கத்திலிருந்து வாசம் வந்தது. மற்ற சாமந்திகள் எல்லாம் சட்டென்று மூடிக்கொண்டன.

"நீலி, மூடிக்கொள்ளடி!" என்று கத்தியது பக்கத்துப் பொந்து நண்டு.

"சும்மா இரு அண்ணா! இது என் அக்கா வாசம், எனக்குத் தெரியாதா? கிட்டே வருகிறது பார். கோபம் தீர்ந்து வருகிறாள்!"

"அடி பைத்தியமே, அது காயம்பட்ட வாசம்!"

"காயத்தோடு வருகிறவள் முன்னாலா மூடிக்கொள்ளச் சொல்கிறாய்?" என்று நீலி எல்லாக் கைகளையும் விரித்தாள்.

வந்தது பவழி இல்லை. கொட்டினாலும் உறைக்காத, ஓடில்லாத கடல் நத்தை.

"அப்பாடா!" என்றது நத்தை. "காலையில் அந்தப் பக்கம் ஒருத்தியைத் தின்றேன். அவள் வாசம் என் உடம்பில் ஊறிப்போய்விட்டது. எங்கே போனாலும் எனக்கு முன்னே போய் எல்லாரையும் மூடவைக்கிறது. நீ ஒருத்திதானம்மா வா வா என்று கூப்பிட்டாய்."

நீலி மூடுவதற்குள் நத்தை கடித்துவிட்டது. நண்டு ஓடி வந்து கொடுக்கால் கிள்ளி அதை விரட்டியது. அதற்குள் பாதிக் கைகள் போய்விட்டன.

"அழாதே நீலி. கை மறுபடி முளைக்கும்."

"கைக்கா அழுகிறேன்? செத்த பிறகும் என் அக்கா இவ்வளவு தூரம் வந்து, மூடிக்கொள், மூடிக்கொள் என்று சொன்னாளே. நான் கேட்கவில்லையே அண்ணா!"



நீதி: அன்புள்ளவர் எச்சரித்தால், அன்பை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிடாதே.