காலி நாற்காலிக்குப் பாடிய எமன்

முதலில் சத்தம்தான் வரும். ஆள் வரமாட்டான்.

ஜல்.

பிறகு ஒன்றுமில்லை.

மறுபடி, ஜல்.

ஒரு காலில் மட்டும் சலங்கை கட்டி நடந்தால் அப்படித்தான் கேட்கும். நடுவில் விழுகிற அந்த மௌனத்தில் இன்னொரு கால் வந்துகொண்டிருக்கிறது என்று கூட்டத்துக்குத் தெரியும். பாதிப் பேர் துண்டைத் தலையில் போட்டுக்கொள்வார்கள். பெண்கள் பிள்ளைகளை மடிக்குள் இழுத்துக்கொள்வார்கள். கடலை விற்கிறவன்கூட வாயை மூடிக்கொள்வான்.

அங்கயற்கண்ணியின் நாடக செட்டில் எமன் வருவது அப்படித்தான். படுதாவுக்குப் பின்னாலிருந்து வருவதில்லை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வருவார். யாராவது ஒருவர் முன்னால் போய் நிற்பார். அந்த முகத்தைப் பார்த்து ஒரே ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போய்விடுவார். ஊர் நடுங்குவது அந்தப் பாட்டுக்குத்தான். ஊர் கூடுவதும் அந்தப் பாட்டுக்குத்தான்.

எமன் கட்டுகிறவர் சித்திரவேலு. ஐம்பதைத் தாண்டியவர். மில்லை மூடிய பிறகு பாட்டுக்கு வந்தவர். அவருக்குப் பாடவும் நிற்கவும் சொல்லிக்கொடுத்த அங்கயற்கண்ணி அவரைவிட இளையவள். அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

ஒரு நாள் காலையில் சலங்கையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இனிமே நான் எமன் கட்டமாட்டேன், வாத்தியாரம்மா."

அவள் ஆர்மோனியத்தைத் திறந்துபோட்டுத் தூசி துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நாரதர் கட்டுறீங்களா?"

"விளையாடாதீங்க. ஒரு மனுசன் சாகக் கிடக்கான்."

"யாரு?"

"தாழைத்துறை பூவலிங்கம். மீன்பிடி போட்டுக்கு இஞ்சின் பாக்குற மெக்கானிக். போன வாரம் அங்க நாடகம் போட்டோமே, அன்னைக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தவரு எந்திரிக்கவே இல்லை. கஞ்சி கூட இறங்கலையாம். அவரு சம்சாரம் இப்பத்தான் பஸ் பிடிச்சு வந்து எங் கால்ல விழுந்துட்டுப் போகுது. பாடினதைத் திருப்பி எடுத்துக்கங்க சாமிங்குது. என்னையப் போய்ச் சாமிங்குது."

"பாட்டை எப்படித் திருப்பி எடுக்கிறது?"

"அதைக் கேக்கத்தான் உங்ககிட்ட வந்தேன்."

அவள் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தாள். காற்று மட்டும் வந்தது.

"பூவலிங்கம் முன்னால நின்னா பாடுனீங்க?"

சித்திரவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே."

"இல்லை. நாற்காலி முன்னால."

"என்ன நாற்காலி?"

"காலி நாற்காலி."

இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"முகத்தைப் பாத்துப் பாட முடியலை வாத்தியாரம்மா. போய் நின்னதும் கண்ணைக் காட்டுறாங்க. நான் இல்ல, அந்தா அவன்னு கண்ணாலயே பக்கத்து ஆளைக் காட்டுறாங்க. தம்பி அண்ணனைக் காட்டுறான். போன மாசம் ஒரு ஊர்ல, ஒரு மருமக மாமியாரைக் காட்டுச்சு. சரின்னு மாமியா பக்கம் திரும்புனா, அது ஏற்கெனவே மருமகளைக் காட்டிக்கிட்டு இருக்கு."

அங்கயற்கண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. எனக்குப் படுத்தா அந்தக் கண்ணெல்லாம் வருது. அதான் தாழைத்துறையில ஆளில்லாத நாற்காலியாப் பாத்து நின்னு பாடிட்டு வந்துட்டேன். யாருக்கும் நோகாதுன்னு."

"நாற்காலிக்குச் சொந்தக்காரர் எங்க போயிருந்தாரு?"

"சோடா குடிக்க."

நடந்தது இதுதான். பூவலிங்கம் ஏப்பம் விட்டபடி திரும்பி வந்தபோது மொத்தக் கூட்டமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நாற்காலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்கள் எழுந்து போயிருந்தார்கள். என்னப்பா என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு எல்லாரும் திறந்தார்கள். எமன் வந்து உன் பேரைச் சொன்னான் என்றார் ஒருவர். பேர் சொல்லவில்லை, நாற்காலியைத் தடவிப் பார்த்தான் என்றார் இன்னொருவர். குனிந்து அடியில்கூடத் தேடினான் என்று ஒரு கிழவர் சத்தியம் செய்தார். எதை நம்புவது? எல்லாவற்றையும் நம்பினார். அதே நாற்காலியில் அவர் அப்புறம் உட்காரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தவர்தான்.

"அப்போ, அந்தக் கூட்டத்துல பாட்டைக் கேக்காத ஒரே ஆள் அவருதான்" என்றாள் அங்கயற்கண்ணி.

"ஆமா."

"வாங்க, போய்ப் பாடிட்டு வருவோம்."

சித்திரவேலுவுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று இருந்தது.

"யாருக்கு?"

"அவருக்குத்தான்."

"உசுரு இப்பவோ அப்பவோன்னு இருக்கு! அங்க போய் எமன் பாட்டையா பாடச் சொல்றீங்க?"

"ஆமா."

"சீக்காளி முன்னால நிக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? சீக்காளி, புள்ளத்தாச்சி, சின்னப் புள்ளை. இவங்க முன்னால நிக்காதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

"அப்புறம்?"

"அவருக்கு என்ன சீக்கு?"



"செத்துப்போனார்னா, வாத்தியாரம்மா? அது எந் தலையிலல்ல விடியும்? அப்புறம் நான் சோறு திங்க முடியுமா?"

"பாடாம விட்டா?"



அவள் ஆர்மோனியத்தை மூடினாள். சலங்கையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

தாழைத்துறைக்குப் பஸ் ஏறினார்கள். மடியில் கிடந்த சலங்கை குலுங்காமலிருக்க அவர் அதைத் துண்டில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தார். குழந்தையை வைத்திருப்பதுபோல இருந்தது. பாம்பை வைத்திருப்பதுபோலவும் இருந்தது.

தாழைத்துறையில் பூவலிங்கத்தின் மனைவி முத்துராக்கு வாசலில் அரிவாள்மனை போட்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சித்திரவேலுவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீகளா? திருப்பி எடுத்துருவீகள்ல?"

சித்திரவேலு வாத்தியாரம்மாவைப் பார்த்தார்.

"பாட வந்திருக்கோம்" என்றாள் அங்கயற்கண்ணி.

"எதை?"

"அதையேதான்."

முத்துராக்கு எழுந்துவிட்டாள். கையில் பாதி ஆய்ந்த மீன். மறு கையில் அரிவாள்மனை.

"வாசப்படிய மிதிச்சீக, ரெண்டு பேரையும் இதுலயே ஆய்ஞ்சுருவேன்."

சித்திரவேலு ஓரடி பின்னால் வைத்தார். துண்டுக்குள் சலங்கை லேசாகக் குலுங்கிவிட்டது.

ஜல்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. தண்ணீர் வற்றிய கிணற்றிலிருந்து வருவது மாதிரி.

"யாரு? வந்துட்டாகளா?"

"ஒண்ணுமில்ல. நீங்க படுங்க."

"உள்ள விடு முத்துராக்கு. ஊரே கேட்டுச்சு. நான்தான் கேக்கலை."

அவள் கையிலிருந்த மீனைக் கீழே போட்டாள். அப்புறம் நகர்ந்து வழிவிட்டாள். அரிவாள்மனையை மட்டும் கீழே வைக்கவில்லை.

உள்ளே கட்டிலில் பூவலிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். நெற்றி நிறையத் திருநீறு. மணிக்கட்டில் நாலு கோயில் கயிறு. காலடியில் அவர் மைத்துனன் காவலுக்கு உட்கார்ந்திருந்தான்.

சித்திரவேலு குனிந்து சலங்கையைக் கட்டினார். முடிச்சு விழ நேரமாயிற்று. முகத்தில் அரிதாரம் இல்லை. தலையில் கிரீடம் இல்லை. கட்டம்போட்ட சட்டை, பஸ்ஸில் கசங்கியது. மேடை வெளிச்சத்துக்குப் பதிலாக ஜன்னல் வழியே வந்த வெயில்.

ஜல். ஜல்.

கட்டிலருகே போய் நின்றார். பூவலிங்கம் புரண்டு, அவர் முகத்தைப் பார்த்தார்.

சித்திரவேலு காத்திருந்தார். அந்தக் கண் மைத்துனன் பக்கம் போகும், இல்லை மனைவி பக்கம் போகும் என்று.

அது எங்கும் போகவில்லை.

அவர் பாடினார்.

நாள் குறித்து வரவில்லை நான்,
நீ இருக்கும் இடம் பார்த்து வந்தேன்.
உற்றாரை அழைக்க வேண்டாம்,
ஊரை எழுப்ப வேண்டாம்.

பழக்கதோஷத்தில் அங்கே நிறுத்திவிட்டார். கூட்டம் அலறுகிற இடம் அதுதான். அந்த அலறலில் மத்தளம் வந்து ஏறிக்கொள்ளும், அவர் இருட்டுக்குள் போய்விடுவார். எப்போதும் அப்படித்தான்.

இங்கே யாரும் அலறவில்லை. மத்தளமும் வரவில்லை. வெளியே எங்கோ ஒரு சேவல் கூவியது.

"மீதி?" என்றாள் பின்னால் நின்ற அங்கயற்கண்ணி.

மீதியா?

சொல்லிக்கொடுத்தாள்தான். இன்னும் இரண்டு அடி. யாருக்குக் கேட்கப்போகிறது என்று எந்த ஊரிலோ விட்டுவிட்டார். பூட்டின் முன்னால் நின்றுகொண்டு சாவிக்கு மடியைத் தடவுகிறவர்போல அதைத் தேடினார்.  பிறகு அது தானாக வந்தது.

உலையில் இட்டது வேகட்டும்,
நீ உண்டு முடித்து வா.

பூவலிங்கம் தலையைத் தூக்கினார்.

"இதை யாரும் சொல்லலையே" என்றார்.

"எதை?"

"சாப்பிட்டுட்டு வரச் சொல்றதை."

"நான் அன்னைக்குப் பாடலை."

"ஏன்?"

"யாருக்கும் கேக்காதுன்னு."

பூவலிங்கம் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். மைத்துனன் ஓடிவந்து முதுகைப் பிடித்தான்.

"இவனுக்கும் பாடுங்க."

"எனக்கா? எனக்கு எதுக்கு மச்சான்? நான் நல்லாத்தானே இருக்கேன்!"

"நானும் நல்லாத்தான்டா இருந்தேன். சோடா குடிச்சுட்டு வந்தேன்."

சித்திரவேலு பாடினார். மைத்துனன் முதல் அடியிலேயே கண்ணால் மச்சானைக் காட்டினான். மச்சான் அவனையே பார்த்துக்கொண்டிருந்ததில் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தான். கடைசி அடியில் நிமிர்ந்து பார்த்தான்.

"இவளுக்கு" என்றார் பூவலிங்கம்.

முத்துராக்கு நிலைப்படியில் நின்றாள். கை நிறைய மீன் செதில், வெயிலில் மினுங்கிக்கொண்டு.

சித்திரவேலு தயங்கினார்.  பிறகு திரும்பி நடந்தார். ஜல். அவள் முன்னால் நின்று, முகத்தைப் பார்த்துப் பாடினார். அவள் நேரே பார்த்தாள். பாட்டு முடிந்த பிறகும், இன்னும் இருக்குமோ என்று கொஞ்சம் காத்திருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"சரி. மீனு பாதியில கிடக்கு. காக்கா தூக்கிட்டுப் போயிரும்."

வெளியே போய்விட்டாள்.

சித்திரவேலு நின்ற இடத்திலேயே நின்றார். அப்போது அங்கயற்கண்ணி வந்து அவர் முன்னால் நின்றாள். பாடவில்லை. கையை அசைக்கவில்லை. வெறுமனே அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் அறியாமலே அவர் கண் கட்டில் பக்கம் போனது.

போனதைச் சித்திரவேலுவே கண்டுகொண்டார்.

காது மடல் சுட்டது. மெதுவாக, மிக மெதுவாக, கண்ணைத் திருப்பிக் கொண்டுவந்தார். அவள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

கட்டிலிலிருந்து பூவலிங்கம் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்ன மீனு?"

"பாறை."

"குழம்பா, வறுவலா?"

"எந்திரிச்சு வந்து அடுப்பைப் பத்தவைங்க, சொல்றேன்."

 வாசலில் செதில் உரசுகிற சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது.