சும்மா கிடக்கும் இடம்

இருதயராஜுக்கு ஓர் எண்ணின் மேல் அப்படியொரு பித்து. காலையில் ஆபீஸ் கதவைத் திறந்ததும் ஃபேனைக்கூடப் போடமாட்டார். நேரே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் ஒரு வார்த்தையைத் தட்டுவார். எண்கள் வரிசையாக வந்து விழும். அதில் 'ஃப்ரீ' என்ற தலைப்பின் கீழ் இருப்பதை மட்டும் பார்ப்பார். அது பெரிதாக இருந்தால் அன்றைக்கு டீ இனிக்கும். சிறிதாக இருந்தால் மனுஷர் முகம் சுண்டிப்போகும்.

ஆபீஸ் என்பது பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை. ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், டுடோரியல் என்று ஊர்க்காரர்களின் வெப்சைட்டுகளை ஓட்டிக் கொடுப்பது தொழில். எல்லாம் ஓடுவது எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரே லினக்ஸ் சர்வரில், அதாவது ராப்பகலாக ஓடும் ஒரு கம்ப்யூட்டரில். தொழிலை நடத்துகிறவள் சண்பகக்கனி. முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கமாட்டாள். இருதயராஜோ ஐம்பதைத் தாண்டியவர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை இழுத்து மூடிவிட்டு, மாலை வகுப்பில் கனியிடம் கம்ப்யூட்டர் படிக்க வந்து, அப்படியே வேலைக்கும் சேர்ந்துவிட்டவர். தங்கச்சி வயசுப் பெண்ணை 'டீச்சர்' என்று கூப்பிட அவர் ஒரு நாளும் கூசியதில்லை. அவள் அவரை 'அண்ணாச்சி' என்பாள்.

எதையும் டீச்சரிடம் கேட்டுத்தான் செய்வார். இந்த ஃப்ரீ விவகாரத்தை மட்டும் கேட்டதில்லை. கேட்கிறதுக்கு அதில் என்ன கிடக்கிறது? ஃப்ரீ என்றால் ஃப்ரீ. டைப்பிங் மாஸ்டருக்கு இந்த இங்கிலீஷ்கூடத் தெரியாதா!

சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் எண் பெரிதாகும். அப்புறம் சைட்டுகள் ஓட ஓடக் கரைந்துகொண்டே வரும். அடியில் போய் ஒட்டிக்கொண்டதும் இருதயராஜ் மறுபடி ரீஸ்டார்ட் செய்வார். அதன் பிறகு கொஞ்ச நேரம் எல்லா சைட்டும் நொண்டியடிக்கும். ஜவுளிக்கடைக்காரர் போனில் வள்ளென்று விழுவார்.

"மெமரி பத்தல சார், நான் என்ன செய்ய?" என்பார் இவர்.

ஐப்பசியில் கனி டீச்சர் தங்கையின் பிரசவத்துக்காகத் தூத்துக்குடி போயிருந்தாள். அந்த அடைமழையில் ஒருவர் வெள்ளைக்கோலைத் தட்டித் தட்டி மாடியேறி வந்தார். பெயர் சுயம்புலிங்கம். பள்ளிக்கூட வாத்தியார், கண் பார்வை கிடையாது.

"ப்ளஸ் டூ பாடங்களை வாசிச்சு, குரல்ல பதிஞ்சு வச்சிருக்கோம் சார்" என்றார். "என்னை மாதிரிப் பிள்ளைங்க கேட்டுப் படிக்கதுக்கு. எங்க பழைய மாணவர் ஒருத்தர் சைட்டும் செஞ்சு தந்துட்டார். அதை ஓட்ட ஓர் இடம்தான் வேணும். பாடமெல்லாம் இப்போ என் போன்லதான் கிடக்கு. உங்க சர்வர்ல எங்களுக்கு இடம் கிடைக்குமா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

இருதயராஜ் அந்த வார்த்தையைத் தட்டினார். கீபோர்டுச் சத்தம் நிற்கும்வரை சுயம்புலிங்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லையே சார். ஃப்ரீ சுத்தமா இல்ல. உங்களதையும் ஏத்தினா மத்தவங்களதும் படுத்துரும்."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்துட்டுத்தான் சொல்லுதேன்."

"அப்போ சரி சார்."

அவ்வளவுதான். கோலைத் தட்டிக்கொண்டு இறங்கினார். 'படி பார்த்து' என்று சொல்ல வாயெடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார் இருதயராஜ். அந்த நேரத்தில் அவருக்கு உறுத்தியது அது ஒன்றுதான். பிள்ளை பிறந்த சந்தோஷத்தோடு டீச்சர் திரும்பி வந்தபோது, இப்படி ஒருவர் வந்து போனதைச் சொல்லவே மறந்துபோனார்.

மழை போய் மாசி வெயில் வந்தது. ஒரு காலையில் ஃப்ரீ எண் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. இருதயராஜ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு டீச்சர் மேசைக்குப் போனார்.

"டீச்சர், இனிமே தாங்காது. பெரிய சர்வரா மாத்திருவோம்."

"ஏன் அண்ணாச்சி?"

"இதுல இடமே இல்ல. நானும் ரீஸ்டார்ட் பண்ணிப் பண்ணி ஓட்டுதேன்."

கனி தலையை நிமிர்த்தினாள். "ரீஸ்டார்ட் பண்ணுதீங்களா? எதுக்கு?"

"ஃப்ரீ வரணும்லா?"

அவள் திரையைப் பார்க்கவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"வாங்க, ஜங்ஷன் வரைக்கும் போயிட்டு வந்துருவோம்."

டவுன் பஸ் வந்தது. ஏறியதுமே இருதயராஜ் ஒரு பார்வை பார்த்தார். எல்லா சீட்டிலும் ஆள், இல்லையென்றால் பை. ஓர் அம்மா பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டை வைத்திருந்தார். இன்னொருவர் பக்கத்தில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. ஒருத்தர் ஜன்னலோரம் ஒரு பலாப்பழத்தையே உட்கார வைத்திருந்தார். இருதயராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கனி அந்த அம்மாவிடம் குனிந்தாள். "அக்கா, காயைக் கொஞ்சம் எடுத்துக்கிடுதீங்களா?"

"அதுக்கென்ன தாயி, இரி." கட்டு மடிக்குப் போனது. கனி உட்கார்ந்துவிட்டாள்.

பஸ் பாலத்தில் ஏறி இறங்கியது. இருதயராஜ் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே வந்தார். முட்டிவலிக்காரர் வேறு, பாவம்.

ஜங்ஷனில் இறங்கியதும் கனி கேட்டாள். "ஏன் நின்னுக்கிட்டே வந்தீங்க?"

"இடம் இல்லையே டீச்சர்."

"எனக்கு மட்டும் எங்கேயிருந்து வந்துச்சு?"

ஜங்ஷனில் வேலை எதுவும் இருந்த மாதிரித் தெரியவில்லை. ஆளுக்கொரு டீயைக் குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பினார்கள்.

ஆபீசுக்கு வந்ததும் கனி சர்வரில் ஒரு புரோகிராமைத் தட்டத் தொடங்கினாள்.

"இது மொத்த மெமரியில பாதியைக் கேக்கும்."

"ஐயோ, வேண்டாம் டீச்சர்! எல்லாம் படுத்துரும்."

அவள் பட்டனை அழுத்திவிட்டாள். இருதயராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். ஜவுளிக்கடை சைட் ஓடியது. கல்யாண மண்டபம் ஓடியது. டுடோரியலும் ஓடியது. பாதி மெமரியைக் கேட்ட புரோகிராமும் கேட்டதை வாங்கிக்கொண்டு ஜம்மென்று ஓடியது.

"இல்லாத இடம் எங்கேயிருந்து டீச்சர் வந்துச்சு?"

"பையை மடியில எடுத்து வச்சுக்கிட்டுது."

இருதயராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ, நான் தினம் பார்த்ததெல்லாம் பையா?"

"ஆமா. டிஸ்க்குங்கிறது பீரோ, மெமரிங்கிறது மேசை. யாரோ ஒருத்தர் கேட்டாங்கன்னு பீரோவில இருந்து எடுத்த ஃபைலை, மறுபடி கேப்பாங்கன்னு சர்வர் மேசையிலேயே வச்சிருக்கும். அதுதான் அந்தப் பை. மேசை சும்மா கிடந்தா யாருக்கு என்ன லாபம்? புதுசா ஆள் வந்தா எடுத்துரும்."

"எடுத்துட்டா அது போயிராதா?"

"பீரோவில இருக்குல்லா? வேணும்னா மறுபடி எடுத்துக்கலாம். நீங்க ரீஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் மேசை மொத்தத்தையும் துடைச்சுப் போட்டுட்டீங்க. அது ஒவ்வொண்ணா பீரோவில இருந்து திரும்ப எடுக்க வேண்டியதாப் போச்சு. அதான் சைட்டெல்லாம் நொண்டிச்சு." புரோகிராமை நிறுத்திவிட்டு அவள் எழுந்தாள். "அதே வரியில கடைசிக் கட்டத்தைப் பாருங்க."

பார்த்தார். 'அவைலபிள்', அதாவது கேட்டால் கிடைக்கும் என்று போட்டிருந்தது. அதன் கீழே நல்ல பெரிய எண். தினமும் காலையில் அது அங்கேதான் இருந்திருக்கிறது. ஃப்ரீயைப் பார்த்த கண் அதுவரைக்கும் போகவேயில்லை.

முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. அட, இதுக்கா இத்தனை பாடு! அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. மழையும் வெள்ளைக்கோலும் ஞாபகத்துக்கு வந்தன.

"டீச்சர்... ஐப்பசியில ஒருத்தர் வந்தார். நீங்க ஊருக்குப் போயிருந்தீங்க."

எல்லாவற்றையும் சொன்னார்.

"அன்னைக்கு அந்தக் கடைசிக் கட்டம் எவ்வளவு இருந்திருக்கும் டீச்சர்?"

"இதே அளவுதான்."

"இப்போ இடம் தரலாமா?"

"போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள் கனி.

விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார். கதவைத் திறந்தது வயசான ஓர் அம்மா. கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி. சுயம்புலிங்கத்தின் பெயரைச் சொன்னதும் தலையசைத்து உள்ளே கூட்டிப்போனார். சின்ன வீடு. கட்டில், அலமாரி, தரை எல்லாம் தடித்தடிப் புத்தகங்கள். ஒரே நாற்காலியில் காய்ந்த துணி மலைபோல் குவிந்து கிடந்தது. இருதயராஜ் நின்றுகொண்டே பேசிவிடலாம் என்று நினைத்தார். அந்த அம்மா துணியை ஒரே அள்ளாக அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார்.

சுயம்புலிங்கம் குரலை வைத்தே ஆளைக் கண்டுகொண்டார். "கம்ப்யூட்டர் சார்லா?"

"ஆமா சார். உங்களுக்கு இடம் இருக்கு. இன்னைக்கே ஏத்திரலாம்."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம் சார். பொருளியல் பாடம் முழுசா இருக்கு. ஏத்திரலாம்."

"வரலாறு, தமிழு..."

"அதெல்லாம் இல்ல சார்."

"எல்லாம் போன்ல இருக்குன்னீங்க?"

"இருந்துச்சு. போன் நிறைஞ்சுபோச்சு. பொருளியல் பதிய இடம் வேணும். வேற எங்கேயும் வைக்க எனக்கு வழி தெரியல. புத்தகம் கையிலதான இருக்கு, பதிஞ்சதை அழிச்சிரு, பரீட்சைக்கு முன்னால நான் திரும்ப வாசிச்சுத் தாரேன்னு அக்கா சொன்னா. அழிச்சேன்."

"அப்போ அவங்களை வாசிக்கச் சொல்லலாமே சார்? நான் வேணும்னா போய்க் கூட்டிட்டு வாரேன்."

அந்த அம்மா காபியோடு வந்தார். டம்ளரை இருதயராஜ் கையில் கொடுத்துவிட்டு, தம்பியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"இதுதான் எங்க அக்கா, ஆவுடையம்மாள்" என்றார் சுயம்புலிங்கம். "வரலாற்று டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. கார்த்திகையில தொண்டையில கட்டின்னு சொன்னாங்க. ஆபரேஷன் பண்ணி உயிரைக் காப்பாத்திட்டாங்க. குரலைக் காப்பாத்த முடியல."

இருதயராஜ் காபி டம்ளரைக் கீழே வைத்தார். ஆவுடையம்மாள், குடியுங்கள் என்று சைகை காட்டினார். கோபமாவது இருந்திருக்கக் கூடாதா அந்த முகத்தில்! அதுவும் இல்லை.

"பிள்ளைங்க பரீட்சைக்கு என்ன செய்வாங்க சார்?"

"ஆளுக்கு ஒரு பாடமா யாரையாவது பிடிச்சு வாசிக்கச் சொல்லிட்டு இருக்கேன். முழுசா முடியாது. வரலாறுதான் போச்சு. அவ வாசிச்சா கதை மாதிரி இருக்கும். பிள்ளைங்க அவ குரலைக் கேக்கவே போன் போடுவாங்க."

"இன்னொரு தடவை என்கிட்ட வந்து கேட்டிருக்கக் கூடாதா சார்?" இருதயராஜ் குரல் உடைந்தது. "ஒரே ஒரு தடவை..."

சுயம்புலிங்கம் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நல்லாப் பார்த்தீங்களான்னு கேட்டேன்லா சார்? பார்த்துட்டுத்தான் சொல்லுதேன்னீங்க. கண்ணு இருக்கவங்க பார்த்துட்டுச் சொன்னா, நான் அதை நம்பித்தான சார் ஆகணும்?"

அன்று சாயங்காலமே சைட் ஏறிவிட்டது. ஓர் இடைஞ்சலும் இல்லை. ஜவுளிக்கடைக்காரர் போன்கூடப் போடவில்லை. பாடங்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. பொருளியலைத் தொட்டால் ஒரு குரல் பேசியது. வரலாற்றைத் தொட்டால் ஒன்றும் இல்லை. இருதயராஜ் அதைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"நானே வாசிக்கேன்னு சொல்லிட்டு வந்தேன் டீச்சர்" என்றார். "டைப்பிங் கிளாசுல கத்திக் கத்திப் பழகின தொண்டைதான். சரி, வாசிங்க சார்னார். ஆனா முகத்துல ஒண்ணும் காணோம்."

கனி பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளையிலேருந்து வாசிச்சாலும் பரீட்சைக்குள்ள கால்வாசிகூட முடியாது." கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் வேணும்னு செய்யல டீச்சர். சோம்பேறித்தனமும் படல. மெஷினைப் பார்த்தேன். அதுல போட்டிருந்ததைத்தான் சொன்னேன். மெஷின் ஏன் டீச்சர் என்கிட்ட பொய் சொல்லிச்சு?"

"அது பொய் சொல்லல அண்ணாச்சி."

"பின்னே?"

கனி கை நீட்டி, வரலாறு என்ற பெயரின் மேலிருந்த அவர் விரலை மெல்ல எடுத்துவிட்டாள்.

"எவ்வளவு சும்மா கிடக்குன்னு நீங்க கேட்டீங்க. அதுக்கு அது சரியா பதில் சொல்லிச்சு. எங்களுக்கு இடம் கிடைக்குமான்னு அவர் கேட்டார். அதை நீங்க மெஷின்கிட்ட கேக்கவே இல்லையே."