ரூத்துக்கு ஒரு வாக்கியம்

“ஒரே ஒரு சொல் அம்மா! மூன்று மாதமாக என் உயிரை வாங்குகிறது.”

மலையேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் சடகோபன் ஆரம்பித்துவிட்டார். வயது அறுபத்தெட்டு. முப்பது வருடமாக ஆங்கிலம்–தமிழ் அகராதிதான் அவருக்கு வேலை, விரதம், வியாதி எல்லாம்.

அவர் தேடி வந்த பெண் குருவுக்கு நாற்பது வயதுதான். குடிலுக்குள் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்?”

“ரூத். பழைய ஆங்கிலம். இப்போது யாரும் பேசுவதில்லை. அது இல்லாதவனைக் குறிக்கும் ‘ரூத்லெஸ்’ மட்டும் இன்னும் எல்லார் வாயிலும் புழங்குகிறது.”

“பொருள்?”

“அங்கேதான் இழவு! கருணை என்று எழுதினால் கடவுள் வந்து உட்கார்ந்துகொள்கிறார். தயவு என்றால் யாரோ கையேந்தி நிற்கிறார்கள். இரக்கம், பரிவு, தயை... எல்லாம் எழுதிப் பார்த்தாயிற்று.”

“எல்லாவற்றையும் போட்டுவிடுங்களேன்.”

“போடலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும், யாராவது பேசி என் காதால் கேட்ட வாக்கியம் ஒன்று வேண்டும். நானே வைத்த விதி. நாளைக்கு அச்சுக்குப் போகிறது. வாக்கியம் கிடைக்காவிட்டால் சொல்லையே அடித்துவிட வேண்டும். இதுவரை ஒரு சொல்லைக்கூட நான் விட்டதில்லை!”

குரு வாசலைப் பார்த்தார்.

“வெளியே யார்?”

“என் மனைவி செங்கமலம். அகராதிச் சொற்களை எழுதிவைத்த சீட்டுப் பெட்டியைத் தூக்கி வந்தாள். எனக்கு இடுப்பு வலி.”

“உச்சி வெயிலில் ஏன் நிற்கிறார்?”

“பெட்டியைக் கீழே வைத்தால் குரங்கு சீட்டுகளைக் கிழித்துவிடும். அதனால் அங்கேயே நிற்கச் சொன்னேன்.” சடகோபனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. “அம்மா, நான் என்ன கேட்கிறேன், நீங்கள் என்ன கேட்கிறீர்கள்?”

“ரூத்லெஸ்ஸுக்கு வாக்கியம் கிடைத்துவிட்டதா?”

“அதுவும் இல்லை.”

“வெளியே நிற்பவரிடம் கேளுங்கள். நிறைய வைத்திருப்பார்.”

குரு மொச்சைக்குத் திரும்பிவிட்டார். சடகோபனுக்குச் சுருக்கென்றது. கோபமாகத்தான் எழுந்தார். வாசலுக்கு வருவதற்குள் கோபம் போய் வெட்கம் வந்துவிட்டது.

செருப்பை அடிவாரத்தில் விட்டுவிட்டு ஏறுவது அந்த மலையின் வழக்கம். செங்கமலம் பெட்டியைத் தலையில் வைத்தபடி, சுடுகிற பாறையில் காலை மாற்றி மாற்றி நின்றாள்.

சடகோபன் பென்சிலை எடுத்தார்.

“கமலம், என்னைப் பற்றி மனதில் உள்ளதைச் சொல். எழுதிக்கொள்கிறேன்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஏங்க, இந்த வெயில்ல ஏறி வந்தீங்களே, உள்ள ஒரு வாய் தண்ணியாவது குடிச்சீங்களா?”